விருங்காவின் கொரில்லாவும் பொன்முடியின் வரையாடும்: ஓர் ஒப்பாய்வு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். விடுமுறை நாள்களில் மேலே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. வருகிறவர்கள் மூடுபனியையும் தேயிலைச் சரிவுகளையும் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதே மலைத்தொடரில், பாறையும் புல்லுமாக நிற்கும் வரையாட்டுமொட்டை என்ற குன்றில் ஒரு சிறிய வரையாட்டு மந்தை வாழ்வது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆப்பிரிக்காவின் நடுவில், ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்தில் வாழும் மலைக் கொரில்லாவைப் பற்றியோ உலகமே அறியும். அதைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, திரைப்படம் உண்டு, ஆவணப்படங்கள் உண்டு. ஒரு மணி நேரம் அதன் அருகில் நிற்க 1,500 டாலர் வரை கட்டி ஆண்டு முழுவதும் மக்கள் போகிறார்கள்.

ஒன்று மனிதக் குரங்கு, மற்றொன்று ஆட்டினம். ஆனாலும் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வலுவான காரணம் உண்டு. இரண்டும் மலைகளை விட்டு வேறெங்கும் வாழாதவை. இரண்டும் மனிதக் குடியிருப்புகளாலும் விளைநிலங்களாலும் சூழப்பட்டவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இரண்டும் இன்று ஒரே வரிசையில், அருகிவரும் உயிரினங்களாக நிற்கின்றன. இரண்டுமே அழிவின் விளிம்புவரை சென்று, சில இடங்களிலாவது மீண்டு வந்தவை. எப்படி மீண்டன என்று கேட்டால் இரண்டு மலைகளும் ஒரே விடையைத்தான் தருகின்றன: தினமும் அந்த விலங்குகளின் பின்னால் நடந்த உள்ளூர் மனிதர்களால். அந்த விடை பொன்முடி போன்ற ஓரத்து மலைகளுக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

இரண்டு மலைகள், பல தீவுகள்

மலைக் கொரில்லாவுக்கு உலகில் இரண்டே இருப்பிடங்கள். ஒன்று, எரிமலைகள் வரிசையாக நிற்கும் விருங்கா மலைத்தொகுதி. மூன்று நாடுகளுக்கும் பொதுவானது. மற்றொன்று உகாண்டாவின் பிவிண்டி காடு. இரண்டையும் சேர்த்தாலும் பரப்பு 800 சதுர கிலோமீட்டரை எட்டாது. இடையில் கிடக்கும் நிலம் முழுக்க உருளைக்கிழங்கும் வாழையும் பீன்ஸும் விளையும் வயல்கள். ஆப்பிரிக்காவிலேயே கிராமப்புற மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் இது ஒன்று. விருங்காவின் கொரில்லா பிவிண்டிக்குப் போக வழியே இல்லை.

வரையாட்டின் நிலமும் இப்படித்தான் துண்டுபட்டது. நீலகிரி முதல் குமரி மாவட்டத்து மலைகள் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் மட்டுமே அது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரி மந்தைகளை ஆனைமலை மந்தைகளிடமிருந்து பிரிக்கிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய் அகத்தியமலைத் தொகுதியைத் தனியாக்கிவிடுகிறது. கொல்லம் செல்லும் ரயில் பாதை, நெடுஞ்சாலை, ரப்பர் தோட்டங்கள் எல்லாம் அந்தத் தாழ்நிலத்தில்தான் இருக்கின்றன. பாறைச் சரிவை விட்டு இறங்கத் தயங்கும் விலங்கு அதைக் கடந்து பெரியாறு மலைகளுக்குப் போகாது. பொன்முடி இந்தத் தெற்குத் துண்டில் இருக்கிறது.

அதிலும் பொன்முடிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வரையாடு பெரும்பாலும் 1,200 முதல் 2,600 மீட்டர் வரையிலான உயரங்களில் வாழ்வது. ஆனைமலையில் வெயில் கூடினால் மந்தை இன்னும் மேலே ஏறலாம். வரையாட்டுமொட்டையில் ஏறுவதற்கு மேலே மலை கிடையாது. புவி சூடேறும் காலத்தில், தாழ்ந்த குன்றில் வாழும் சிறு மந்தைதான் முதலில் நெருக்கடியைச் சந்திக்கும்.

உடலும் பெருக்கமும்

இரு விலங்குகளுக்கும் வியப்பான ஓர் ஒற்றுமை உண்டு. ஆண் கொரில்லாவுக்குப் பன்னிரண்டு வயதளவில் முதுகு வெள்ளி நிறமாகிறது. அந்த வெள்ளி முதுகனே குடும்பத்தின் தலைவன். எங்கே மேய்வது, எப்போது நகர்வது, எதிரி வந்தால் யார் எதிர்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. முதிர்ந்த ஆண் வரையாட்டின் முதுகிலும் சேணம் போட்டதுபோல ஒரு வெளிறிய பட்டை தோன்றுகிறது. ஆனால் வரையாட்டு மந்தை அந்த ஆணை நம்பி இயங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் பெண்களும் குட்டிகளும் தனி மந்தையாகத் திரியும். பெரிய ஆண்கள் மழைக்கால இணைவிழைச்சுப் பருவத்தில்தான் வந்து சேரும்.

இந்த வேறுபாடு பாதுகாப்பில் பெரிய விளைவை உண்டாக்குகிறது. வெள்ளி முதுகனைச் சுட்டுக் கொன்றால் ஒரு குடும்பமே சிதறும். புதிதாக வரும் ஆண் பால்குடிக் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. ஒரு தோட்டா பல உயிர்களை எடுக்கும். பெண் கொரில்லா பத்து வயதளவில்தான் முதல் குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு நான்காண்டு ஆகும். வாழ்நாளில் ஒரு தாய் வளர்த்து ஆளாக்கும் பிள்ளைகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். எனவே கொரில்லாவைப் பொறுத்தவரை இறப்பைத் தடுப்பதுதான் பாதுகாப்பின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும்.

வரையாட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். பெரும்பாலும் ஒரு குட்டி, தை மாசி மாதங்களில் பிறக்கும். ஆண்டுதோறும் ஈனக்கூடிய விலங்கு என்பதால், நல்ல புல்லும் அச்சமற்ற பாறையும் கிடைத்தால் மந்தை விரைவாகவே பெருகும். அந்தப் புல்லும் பாறையும் எங்கே மிச்சம் என்பதே வரையாட்டின் கேள்வி.

வேட்டைக்காரர்களே காவலரான கதை

இரு மலைகளிலும் பாதுகாப்பின் தொடக்கம் துப்பாக்கி ஏந்தியவர்களிடமிருந்தே வந்தது. 1902இல் ஜெர்மானியப் படை அதிகாரி ராபர்ட் வான் பெரிங்கே சபின்யோ எரிமலையில் கொரில்லாக்களைச் சுட்டபோதுதான் ஐரோப்பிய அறிவியல் இந்த விலங்கை அறிந்தது. 1921இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகக் கொரில்லாக்களைச் சுட்டுப் பாடம் செய்யப் போன கார்ல் ஏக்லி, அவற்றைப் பார்த்த பின் மனம் மாறினார். அவற்றுக்கென ஒரு பூங்கா வேண்டும் என்று பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டை வற்புறுத்தினார். 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவானது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். அடுத்த ஆண்டே அந்த மலையில் ஏக்லி இறந்தார்.

மூணாறு மேட்டில் நடந்ததும் ஏறத்தாழ அதே காலத்துக் கதை. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் ஓய்வு நேரத்தில் வரையாடு வேட்டையாடினார்கள். வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டுமென்றால் கட்டுப்பாடு வேண்டும் என்று 1928இல் ஹை ரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். இரவிகுளம் மேட்டைத் தனி நிலமாக ஒதுக்கி, மலையை அறிந்த முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். தோட்ட நிலங்களைக் கேரள அரசு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீட்டெடுத்த பின், 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978இல் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். வேட்டைக்காக ஒதுக்கிய நிலமே வரையாட்டின் மிகப் பெரிய அடைக்கலமாக மாறியது.

ஆனால் ஒதுக்கிய நிலம் எல்லா இடத்திலும் நிலைத்திருக்கவில்லை. ருவாண்டாவில் 1969இல் பூச்சிக்கொல்லிக்கான பைரேத்ரம் பூச்செடி பயிரிட, விருங்காவில் அந்நாட்டுப் பகுதியான எரிமலைப் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் வெட்டி எடுக்கப்பட்டது. கொரில்லா விரும்பும் தாழ்வான மூங்கில் காடும் அதோடு போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் உச்சிப் புல்வெளி ‘தரிசு’ என்று கணக்கெழுதப்பட்டு, அதில் அயல்மரங்களான சீகையும் தைல மரமும் பைனும் நடப்பட்டன. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் மட்டும் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் காட்டியுள்ளனர். இரு மலைகளிலும் விலங்கின் வீடு விலைபோனது ஏதோ ஒரு பயிரின் பெயரில்தான்.

இன்றைய அச்சுறுத்தல்கள்

கொரில்லாவின் எதிரிகளில் முதன்மையானது கண்ணி. காட்டுமான்களையும் எருமைகளையும் பிடிக்க வைக்கும் சுருக்குக் கண்ணியில் கொரில்லாக் குட்டியின் கை மாட்டிக்கொள்ளும். கை அழுகிப் போகும், அல்லது உயிரே போகும். கண்ணி வைப்பவர் கொரில்லாவைக் குறிவைக்கவில்லை. ஏழைக் குடும்பத்தின் இறைச்சித் தேவைதான் கொல்கிறது. 2020 ஜூனில் பிவிண்டியில் ரஃபிகி என்ற புகழ்பெற்ற வெள்ளி முதுகன் கொல்லப்பட்டதும் இப்படிச் சிறு விலங்கு வேட்டைக்குப் போனவனால்தான். அவனுக்கு 11 ஆண்டுச் சிறை.

இரண்டாவது, நோய். மரபணுவில் நமக்கு நெருங்கிய உறவு என்பதால் நம் சளியும் காய்ச்சலும் கொரில்லாவுக்குத் தொற்றும்; நமக்குச் சாதாரணமாகப் போகும் தொற்று அதன் உயிரையே பறிக்கலாம். 2009இல் ருவாண்டாவில் மனிதர்களிடையே பரவும் ஒரு சுவாச வைரஸால் ஒரு தாயும் ஒரு குட்டியும் இறந்தன. அதனால்தான் பார்வையாளர் பல மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்பது விதி. கொரோனாவுக்குப் பின் இடைவெளி பத்து மீட்டராக்கப்பட்டது, முகக்கவசம் கட்டாயமாயிற்று.

மூன்றாவது, போர். ருவாண்டாவின் 1994 இனப்படுகொலைக்குப் பின் லட்சக்கணக்கான அகதிகள் விருங்காவின் ஓரத்தில் முகாமிட்டு, அடுப்பெரிக்கக் காட்டை வெட்டினார்கள். 2007இல் காங்கோ பக்கம் செங்க்வேக்வே என்ற வெள்ளி முதுகனும் அவன் குடும்பத்தில் சிலரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பின்னணியில் காட்டுமரக் கரி வியாபாரம் இருந்தது. காவல் காத்தவர்களும் தப்பவில்லை. 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் விருங்கா பூங்காவின் 12 காவலர்கள் கொல்லப்பட்டார்கள்.

வரையாட்டைச் சூழும் ஆபத்து துப்பாக்கிச் சத்தம் எழுப்பாதது. சீகை விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கி, தீயோ வெட்டலோ வந்ததும் முளைக்கிறது. புல்லுக்கு மேலே நிழல் போடுகிறது. நிழல் விழுந்த இடத்தில் புல் போகும், புல் போன இடத்தில் வரையாடு போகும். கால்நடை மேய்ச்சல் புல்லைப் பங்கிடுவதோடு நோயையும் கொண்டுவரலாம். கோடைத் தீ குட்டிகள் மேயும் இளம்புல்லை அழிக்கும். இதோடு திருட்டு வேட்டையும் சாலையும் சேர்ந்தால் பெரிய மந்தைகூடச் சிறுக்கும். சிறிய மந்தைக்கோ அழியப் பெரிய பேரிடர் எதுவும் தேவைப்படாது. சில மோசமான ஆண்டுகள் தொடர்ந்தாலே போதும். உறவுக்குள்ளேயே இணைந்து குட்டிகள் பலவீனப்படலாம். பிறகு ஒரு நாள் அந்தக் குன்றில் யாரும் வரையாட்டைப் பார்த்ததாகச் சொல்வது நின்றுபோகும். விருங்காவில் ஒரு கொரில்லா இறந்தால் அதன் பெயரோடு உலகச் செய்தியாகிறது. தெற்கு மலையில் ஒரு மந்தை மறைந்தால் அது செய்தியாவதற்கே ஆண்டுகள் பிடிக்கும்.

பின்னால் நடக்கும் மனிதர்கள்

கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாசி 1967இல் ருவாண்டாவில் கரிசோகே ஆய்வு நிலையத்தைத் தொடங்கியபோது, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மலைக் கொரில்லா அழிந்துவிடும் என்றே பலர் எண்ணினார்கள். 1981 கணக்கெடுப்பில் விருங்காவில் 254 மட்டுமே இருந்தன. ஃபாசி பல ஆண்டுகள் பழகிய டிஜிட் என்ற ஆண் கொரில்லா 1977 டிசம்பர் 31 அன்று கொல்லப்பட்டது. 1985 டிசம்பரில் ஃபாசியே தம் குடிலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

2015-16 கணக்கெடுப்பில் விருங்காவில் 604, 2018 கணக்கெடுப்பில் பிவிண்டியில் 459, மொத்தம் 1,063. 2018இல் மிக அருகிய நிலையிலிருந்து அருகிவரும் நிலைக்கு மலைக் கொரில்லா உயர்த்தப்பட்டது. மற்ற மனிதக் குரங்கினங்கள் எல்லாம் குறைந்துகொண்டிருக்க, எண்ணிக்கை கூடுவது இந்த ஒன்றில்தான். பக்கத்திலேயே காங்கோவில் வாழும் கிராவர் கொரில்லா, கோல்டான் கனிமச் சுரங்கங்களாலும் போராலும் அழிந்துகொண்டிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்த மீட்சியின் அருமை புரியும்.

எது மீட்டது? 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு விருங்காவின் நாற்பதாண்டுப் பதிவுகளை அலசியது. மனிதர் தினமும் சென்று பழக்கிய குடும்பங்கள் ஆண்டுக்கு 4.1 சதவீதம் வளர்ந்தன. பழக்காத குடும்பங்கள் 0.7 சதவீதம் குறைந்தன. மலை ஒன்று, சட்டம் ஒன்று, பூங்கா ஒன்று. வேறுபட்டது தினமும் ஓர் ஆள் போனாரா இல்லையா என்பது மட்டுமே. தடம் பார்ப்பவர் காலையில் முந்தைய நாள் படுக்கைக் கூட்டிலிருந்து குடும்பத்தைத் தேடிப் பிடிப்பார். ஒவ்வொரு கொரில்லாவையும் மூக்குச் சுருக்கத்தை வைத்துப் பெயரோடு அறிவார். கண்ணியைக் கண்டால் அறுப்பார். காயம் கண்டால் கால்நடை மருத்துவக் குழுவுக்குச் சொல்வார். மயக்க ஊசி போட்டு, கண்ணியை அறுத்து, காயத்துக்கு மருந்திட்டு, மறுபடி குடும்பத்தோடு விட்டுவிடும் மருத்துவர்கள் 1986 முதல் அங்கே இருக்கிறார்கள்.

இரவிகுளத்தின் கதை இதற்கு அருகில் நிற்கிறது. 2025இல் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாள்களில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் காணப்பட்டன: கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. இதில் இரவிகுளத்தில் மட்டும் 841. வரையாட்டு உலகின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்த 97 சதுர கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே புல்வெளி நல்ல நிலையில் பரந்து கிடப்பது ஒரு காரணம். தலைமுறைகளாக முதுவர் காவலர்கள் அந்தப் புல்வெளியில் நடந்துகொண்டே இருப்பது மற்றொன்று. ஒருகாலத்தில் ஆளைக் கண்டால் பாறை ஏறிய வரையாடு, இன்று இரவிகுளத்தின் ராஜமலையில் சாலையோரம் நின்று மேய்கிறது. மனிதன் தன்னைக் கொல்லமாட்டான் என்று ஒரு மந்தை நம்புவதற்கு எத்தனை ஆண்டுக் காவல் வேண்டும் என்பதற்கு அந்தக் காட்சியே சான்று.

தமிழ்நாடு 2022இல் அறிவித்த வரையாடு பாதுகாப்புத் திட்டத்தையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். மாநில விலங்குக்கென 25.14 கோடி ரூபாய், ஐந்தாண்டு. ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு, புல்வெளி மீட்பு, முன்பு வாழ்ந்து மறைந்த இடங்களில் மறுகுடியேற்றம் என்று அதன் நோக்கங்கள் விரிகின்றன. வரையாட்டை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. எல்லை தாண்டி இரு மாநில வனத்துறைகள் சேர்ந்து எண்ணியதும், மூன்று நாடுகள் சேர்ந்து கொரில்லாவை எண்ணியதும் ஒரே அறிவின் இரு செயல்கள். விலங்குக்கு மாநில எல்லை தெரியாது. எண்ணுகிறவர்கள் அதை மறந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.

சுற்றுலா தரும் பணம், சுற்றுலா தரும் சுமை

1970களின் கடைசியில் ருவாண்டா அரசு பூங்காவிலிருந்து மேலும் 5,000 ஹெக்டேரை மாட்டுப் பண்ணைக்கு எடுக்க எண்ணியது. பில் வெபர், ஏமி வெடர் என்ற இளம் ஆய்வாளர் தம்பதி, கொரில்லாவைக் காட்டியே அந்த நிலத்திலிருந்து அதிக வருவாய் ஈட்டலாம் என்று எடுத்துச் சொன்னார்கள். 1979இல் தொடங்கிய அந்த முயற்சியிலிருந்தே இன்றைய கொரில்லாச் சுற்றுலா வளர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பார்வையாளர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ருவாண்டா 2005 முதல் பூங்கா வருவாயில் 5 சதவீதத்தைச் சுற்றுப்புற ஊர்களுக்குப் பகிர்ந்தது. 2017இல் அதை 10 சதவீதமாக்கியது. பள்ளிக்கூடம், குடிநீர், எருமை வயலில் இறங்காமல் தடுக்கும் கல்மதில் என்று அந்தப் பணம் ஊருக்குள் போகிறது.

பொன்முடிக்கு வரும் கூட்டம் ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்கப் போகும் கூட்டத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் இங்கே மக்கள் மலையைப் பார்க்க வருகிறார்கள், விலங்குக்காக வருவதில்லை. எனவே விலங்கின் பெயரில் வரம்பு விதிக்கும் பழக்கமும் வேரூன்றவில்லை. இரவிகுளம் ஓரளவு வழி காட்டுகிறது: தனி வண்டிகளை நிறுத்திப் பூங்காவின் பேருந்துகளில் மட்டும் மேலே அழைத்துப் போகிறார்கள், குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். அகத்தியர்கூடம் ஏறுவதற்கும் ஆண்டில் சில வாரங்கள்தான், நாளுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு உண்டு. இந்தப் பழக்கம் திருவனந்தபுரத்து மலைகளுக்குப் புதிதல்ல. வரையாட்டுமொட்டைக்கும் அதே ஒழுங்கை முழுமையாகக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

மலையின் பழைய குடிகள்

கொரில்லாக் கதையின் ஒளிக்கு அடியில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. பிவிண்டியும் பக்கத்து மகாஹிங்காவும் 1991இல் தேசியப் பூங்காக்களானபோது, காட்டையே வாழ்வாகக் கொண்ட பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிலமும் இல்லாமல் காடும் இல்லாமல் பல குடும்பங்கள் கூலிகளாயின. கொரில்லாவைக் காட்டி வந்த வருவாயில் அவர்களுக்குச் சேர்ந்தது மிகச் சிறிது. எண்ணிக்கை உயர்ந்ததைக் கொண்டாடும்போது இதைச் சொல்லாமல் விடுவது அறமாகாது.

அகத்தியமலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் இன்றும் காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பொன்முடிக்கு அருகிலுள்ள பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் 1987இல் மலையேறியபோது, கூட வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. 1995இல் தயாரிப்பு உரிமம் கொடுத்தபோது கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் வரும் 2 சதவீதப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. மரபறிவுக்குப் பங்கு தந்த உலகின் தொடக்க கால முன்மாதிரிகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. எல்லாக் குடியிருப்புகளும் ஒருமித்து அதில் சேரவில்லை. செடி வளர்ப்பதிலும் தடைகள் வந்தன. ஆனாலும், காட்டை அறிந்தவருக்கு அந்த அறிவு தந்த வருவாயில் பாதி என்ற கணக்கை எழுதிக் காட்டியது இந்த மலை. ருவாண்டாவின் 10 சதவீதத்தை வியந்து பேசும் நாம், நம் பக்கத்து மலையில் எழுதப்பட்ட 50 சதவீதத்தை மறந்துவிடக் கூடாது.

பாடம் பொருந்துவதும் பொருந்தாததும்

கொரில்லாவிடமிருந்து வரையாட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்துவர முடியாது. அதிகக் கட்டணம், குறைந்த பார்வையாளர் என்ற முறை ஆயிரம் டாலர் கொடுக்கும் வெளிநாட்டுப் பயணியை நம்பியது. நூறு ரூபாய்க்குப் பேருந்தில் ஏறிவரும் குடும்பத்தின் மலை பொன்முடி. அது அப்படியே இருக்க வேண்டும். வரம்பைப் பணத்தால் போடாமல் எண்ணிக்கையாலும் பருவத்தாலும் போடுவதே நமக்கு நியாயம்.

மனிதரோடு பழக்குவதும் அப்படியே பொருந்தாது. கொரில்லாவின் ஒரு மணி நேரத்துக்குக் கண்காணிப்பு உண்டு. கண்காணிப்பில்லாத சாலையில் பழகிய வரையாடு பொட்டலத் தீனிக்குக் கையேந்தும், வண்டியில் அடிபடும், துப்பாக்கிக்காரனிடமும் ஒதுங்காமல் நிற்கும். எனவே தினமும் பின்னால் நடக்க வேண்டியவர் காவலர் மட்டுமே. தூரத்திலிருந்து தொலைநோக்கியில் எண்ணி, குறிப்பேட்டில் எழுதி, வேட்டைத் தடம் பார்த்து வந்தால் போதும்.

மூன்றாவது வேறுபாடு எல்லாவற்றிலும் பெரியது. கொரில்லாவின் காடு வெட்டாமல் விட்டால் தானே நிற்கும். வரையாட்டின் புல்வெளி, அயல்மரம் ஏறிய இடங்களில், சும்மா விட்டால் மரக்காடாகிவிடும். அங்கே காவலோடு கைவேலையும் வேண்டும்: சீகை நாற்றைப் பிடுங்குவது, மரத்தை வெட்டி மறுமுளை விடாமல் பார்ப்பது, உள்ளூர்ப் புல்லைத் திரும்ப நடுவது, கோடையில் தீத்தடுப்புக் கோடு போடுவது. இது ஆண்டுதோறும் மலைவாழ் மக்களுக்குக் கூலி தரும் வேலை என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் கழித்த பின்னும் நிற்கும் பாடம், அந்த 4.1 சதவீதத்துக்கும் கீழிறங்கிய 0.7 சதவீதத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி. நம் பாதுகாப்பு முழுக்கப் பெரிய மந்தைகளைச் சுற்றியே இருக்கிறது. இரவிகுளத்துக்கு முதுவர் காவல் உண்டு, நீலகிரியின் முக்கூர்த்திக்குத் தேசியப் பூங்கா என்ற தகுதி உண்டு. தெற்கு முனையின் சிறு மந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும் சில நாள்களில் மட்டும் எண்ணப்பட்டு, மற்ற நாள்களில் பாறையோடு விடப்படுகின்றன. விருங்காவில் குறைந்துபோனவை இப்படி விடப்பட்ட குடும்பங்கள்தான்.

பொன்முடிக்குத் தேவைப்படுவது பெரிய தொகையல்ல. அருகிலுள்ள காணிக் குடியிருப்புகளிலிருந்தும், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ், மலையாளத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் சிலரை நிரந்தர ஊதியத்தோடு வரையாட்டுக் காவலராக்கலாம். அவர்கள் எழுதும் தினக்குறிப்பை எல்லைக்கு அப்பால் களக்காடு முண்டந்துறைக் காவலர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். அகத்தியமலையின் மந்தைகள் இரு மாநிலத்துக்கும் பொதுவானவை. குட்டி ஈனும் மாதங்களில் மொட்டைக்கு ஏறும் பாதையை மூடலாம். பொன்முடி நுழைவுக் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கை ஜீவனியின் முன்மாதிரிப்படி அந்தக் குடியிருப்புகளுக்கே எழுதி வைக்கலாம்.

254லிருந்து 604க்கு ஒரு விலங்கைக் கொண்டுவந்தவர்கள் போருக்கும் வறுமைக்கும் நடுவில் அதைச் செய்தார்கள். போரில்லாத, சட்டம் துணை நிற்கும், அறிவுள்ள குடிகள் வாழும் நம் மலையில் ஒரு சிறு மந்தையைக் காக்க முடியாது என்று சொல்ல நமக்கு எந்தக் காரணமும் இல்லை. அந்த மந்தைக்கென ஓர் ஆளை நியமிப்பதில் தொடங்கினால் மீதி வேலைகளுக்கு வழி பிறக்கும்.